கிருமியைத் தாங்கும் எலி, நஞ்சைத் தாங்கும் எலி

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு திரும்பியவர்களில் சிலருக்கு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கும். கெண்டைக்கால் சதை கடுக்கும், கண் சிவக்கும், சிலருக்குக் காமாலையும் சேர்ந்துகொள்ளும். எலிக்காய்ச்சல் என்பார்கள். லெப்டோஸ்பைரா என்ற அந்தக் கிருமி எலி, பெருச்சாளியின் சிறுநீரோடு தண்ணீரில் கலந்து, காலில் இருந்த சிறு புண் வழியாக உள்ளே போயிருக்கும். அதைச் சுமந்த எலிக்கோ ஒன்றும் ஆகியிருக்காது. சிறுநீரகக் குழாய்களில் கிருமி மாதக்கணக்கில் குடியிருக்க, எலி பாட்டுக்குச் சாக்கடைக்கும் மளிகைக்கடை மூட்டைக்கும் போய்வந்துகொண்டிருக்கும்.

ஒரே கிருமி ஒருவரைப் படுக்கையில் போடுகிறது, இன்னொரு உயிரைத் தொடுவதே இல்லை. இதற்கு நாம் சொல்லும் காரணம் "எதிர்ப்பு சக்தி". அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. கிருமியைக் கொல்லும் திறன் ஒன்று. கிருமி நுழைந்தது தெரிந்ததும் உடல் போடும் ஆர்ப்பாட்டம், அதாவது அழற்சி, இன்னொன்று. காய்ச்சல், வீக்கம், சிவப்பு, வலி, கைமீறினால் ரத்த அழுத்தம் விழுவது எல்லாம் இந்த இரண்டாவதன் கைவரிசை. இவற்றில் ஒன்று நன்றாக இருந்து மற்றது கெட்டுப்போன சுண்டெலிகள் ஆய்வகங்களில் உண்டு. இந்த வேறுபாடு விஞ்ஞானிகளுக்குப் பிடிபட்டதே அந்தச் சுண்டெலிகளால்தான். தியாகராயா கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ விலங்கியல் முதலாண்டு படிக்கும் ஒருவர் வாசித்தால் புரியும்படி அதைப் பார்ப்போம்.

வெள்ளை எலி எல்லாம் ஒரே எலி அல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வீட்டில் ஓடும் பெரிய எலியும் சுண்டெலியும் வேறு வேறு இனம். இங்கே பேசுவது சுண்டெலியைப் பற்றி. 20 முதல் 25 கிராம் எடை, கர்ப்பகாலம் சுமார் 20 நாள், குட்டி 21 நாளில் பால் மறக்கும், ஏழெட்டு வாரத்தில் அதுவே இனப்பெருக்கத்துக்குத் தயார். மூன்று மாதத்துக்கு ஒரு தலைமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மரபணு ஆய்வுக்கு வேண்டியது உள்கலப்பு வம்சம். லேபில் ஸ்ட்ரெயின் என்பார்கள். அண்ணன்-தங்கையை 20 தலைமுறைக்கு விடாமல் இணைசேர்த்தால் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இரு குரோமோசோம் பிரதிகளும் ஒன்றாகிவிடும். நம் ஊரில் அக்காள் மகளைக் கட்டுவதையே நெருங்கிய சொந்தம் என்கிறோம். அந்த ஜோடியின் குழந்தையில் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 8-இல் 1 வாய்ப்புதான். 20 தலைமுறை உள்கலந்த சுண்டெலியில் அது கிட்டத்தட்ட நிச்சயம். அந்த வம்சத்தின் ஒரு சுண்டெலிக்கும் இன்னொன்றுக்கும், பால் வேற்றுமையை விட்டால், ஒரே முட்டையில் பிறந்த இரட்டையர் அளவுக்கு ஒற்றுமை.

1909-இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் லிட்டில் தொடங்கிய டிபிஏ வம்சம் இவற்றில் மிகப் பழையது. 1921-இல் அவர் தொடங்கிய இன்னொரு வழியில் வந்ததுதான் இன்று உலகமெங்கும் புழங்கும் கறுப்புச் சுண்டெலி, சி57-பிளாக்-6. சுருக்கமாக பி-6. பால்ப்-சி வெள்ளை. ஏ-ஜே வம்சமும் வெள்ளை. சி3எச் காட்டெலிப் பழுப்பு.

நம் கல்லூரிகளில் பெரும்பாலும் கிடைப்பது சுவிஸ் அல்பினோ. அதுவும் வெள்ளைதான், கண்ணும் சிவப்புதான், பார்வைக்கு பால்ப்-சி மாதிரியே இருக்கும். ஆனால் அது உள்கலந்த வம்சம் இல்லை. ஒவ்வொரு சுண்டெலியும் தனி மரபணுக் கலவை. மூலிகைச் சாறு கொடுத்து வீக்கம் குறைகிறதா என்று பார்க்க அது போதும். "இந்த மரபணு இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும்" என்று நிறுவ உதவாது. பத்து சுவிஸ் சுண்டெலியில் நாலு செத்து ஆறு பிழைத்தால், அது மருந்தாலா, டோஸ் பிசகாலா, பிறவியாலா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

மூன்று பெயர் வைத்த ஒரே மரபணு

சால்மோனெல்லா டைபிமூரியம் என்றொரு பாக்டீரியா. நமக்கு இது வயிற்றுப்போக்கு கொடுத்துவிட்டுப் போகும். சுண்டெலிக்கோ ஈரல், மண்ணீரல் எல்லாம் பரவி டைபாய்டு போன்ற நோயாகும். (மனிதருக்கு டைபாய்டு தரும் சால்மோனெல்லா டைஃபி சாதாரணச் சுண்டெலியை ஒன்றும் செய்யாது. அதனால்தான் டைபாய்டை ஆராய டைபிமூரியத்தைப் பதிலியாக வைத்துக்கொண்டார்கள்.) பி-6 சுண்டெலியின் ரத்தத்தில் நூறுக்கும் குறைவான கிருமியை ஏற்றினாலே ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதே அளவை 129 என்ற வம்சம் தாங்கிக்கொள்ளும்.

இதை ஆராய்ந்தவர்கள் 1970-களில் அந்த மரபணுவுக்கு 'ஐடிஒய்' என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில் காலா அசார் நோய் தரும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை ஆராய்ந்த இன்னொரு குழு, சில வம்சங்கள் மட்டும் தாக்குப்பிடிப்பதைக் கண்டு 'எல்எஸ்எச்' என்றது. கனடாவின் மாண்ட்ரியாலில் பிசிஜி கிருமியை வைத்து வேலை செய்தவர்கள் 'பிசிஜி' மரபணு என்றே அழைத்தார்கள். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு இடது கையின் மேற்பகுதியில் போடுகிறார்களே, அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமி. மூன்று மரபணுவும் முதலாம் குரோமோசோமில், ஒரே இடத்தில் வந்து நின்றன. மூன்று நோய்க்கும் தாங்கும் வம்சங்களின் பட்டியலும் ஒன்றாகவே இருந்தது. கிருமிகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அவற்றுக்குப் பொதுவான ஒரே பழக்கம், மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் அணுவுக்குள்ளேயே (அணு என்பது இங்கே செல்) குடியிருந்து பெருகுவது.

1993-இல் மாண்ட்ரியால் குழு மரபணுவைப் பிடித்தது. என்ரேம்ப்-1 என்று பெயரிட்டார்கள், இன்றைய பெயர் எஸ்எல்சி-11ஏ1. அது செய்யும் புரதம் ஒரு பம்ப். மேக்ரோபேஜ் கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். அந்தப் பையின் சுவரில் இந்தப் பம்ப் உட்கார்ந்துகொண்டு உள்ளே இருக்கும் இரும்பையும் மாங்கனீஸையும் வெளியே இறைத்துவிடும். இரும்பு இல்லாமல் கிருமி பெருகாது. மாங்கனீஸ் இல்லாவிட்டால் அதன் தற்காப்பு நொதிகள் சில வேலை செய்யாது. லாக்கப்பில் போட்டுச் சோறும் தண்ணீரும் நிறுத்துவது மாதிரி.

பி-6, பால்ப்-சி இரண்டிலும் இந்தப் புரதத்தின் 169-ஆவது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கிறது. டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. புரதம் ஒழுங்காக மடியாமல் அழிந்துவிடுகிறது, பம்ப் இல்லை. 129, ஏ-ஜே, டிபிஏ-2, சிபிஏ, சி3எச் ஆகியவற்றில் பம்ப் ஓடுகிறது. உலக ஆய்வகங்களில் மிக அதிகம் புழங்கும் இரண்டு வம்சங்களுமே இந்த விஷயத்தில் ஊனப்பட்டவை என்பதைக் கட்டுரைகளில் ஏனோ யாரும் முதல் பத்தியில் எழுதுவதில்லை.

"பிசிஜிக்குத் தாங்கும் எலி காசநோய்க்கும் தாங்கும்" என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் வழுக்கும். உண்மையான காசநோய்க் கிருமியைக் கொடுத்தால் நிலைமை தலைகீழ். பம்ப் இல்லாத பி-6 நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. பம்ப் உள்ள டிபிஏ-2 முன்னதாகவே சாகிறது. வீரியமுள்ள காசநோய்க் கிருமிக்கு எதிராக, சுண்டெலியில், இந்தப் பம்ப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அங்கே வேறு மரபணுக்கள் பேசுகின்றன. அவற்றில் ஒன்று, அதே முதலாம் குரோமோசோமில் வேறோர் இடத்தில் உள்ள எஸ்எஸ்டி-1 பகுதி. சி3எச்இபி-எஃப்இஜே என்ற வம்சத்தில் இந்தப் பகுதி பழுதாக இருப்பதால், காசநோய் வந்தால் நுரையீரலில் மனிதருக்கு வருவது போலவே நடுப்பகுதி செத்து அழுகிய கட்டிகள் உண்டாகின்றன. பி-6 நுரையீரலில் அப்படி வருவதில்லை. காசநோய் மருந்தைச் சோதிப்பவர்கள் இந்த வம்சத்தைத் தேடிப் போவது அதற்காகத்தான்.

சங்கு ஊதாத ஆலை

மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளில் விபத்து ஒத்திகைக்குச் சங்கு ஊதுவது உண்டு. சங்கு கேட்டால் எல்லோரும் வெளியே ஓடிவர வேண்டும், தீயணைப்பு ஆட்கள் உள்ளே ஓட வேண்டும். இப்போது சங்குக்குப் போகும் ஒயர் அறுந்த ஓர் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை நாளில் அங்கே தள்ளுமுள்ளு இல்லை, யாருக்கும் கை கால் முறியவில்லை. நிஜமாகத் தீப்பிடிக்கும் நாளில் யாரும் வருவதில்லை.

சி3எச்-எச்இஜே என்ற சுண்டெலி அந்த ஆலை. சால்மோனெல்லா போன்ற, கிராம்-நெகட்டிவ் எனப்படும் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எல்பிஎஸ் என்ற கொழுப்புச் சர்க்கரைப் பொருள் உண்டு. எண்டோடாக்சின் என்பதும் அதுதான். உயிருள்ள கிருமியே வேண்டாம், இந்தப் பொருளை மட்டும் சுத்தமாகப் பிரித்து ஊசி போட்டால் போதும். மேக்ரோபேஜ்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய அழற்சியைத் தூண்டும் புரதங்களைக் கொட்டும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசியும், ரத்த அழுத்தம் விழும், உறுப்புகள் ஒவ்வொன்றாக நிற்கும். ஐசியுவில் செப்டிக் ஷாக் என்கிறார்களே, ஏறக்குறைய அது. சி3எச்-எச்இஜேக்கு இந்த ஊசி போட்டால் சும்மா நிற்கும். அதன் பங்காளி வம்சமான சி3எச்-எச்இஎன் அதே டோஸில் செத்துப்போகும்.

இந்தப் புதிருக்கு விடை 1998-இல் கிடைத்தது. அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லரின் குழு, அந்தச் சுண்டெலியில் டிஎல்ஆர்-4 என்ற புரதத்தின் 712-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருப்பதைக் கண்டது. டிஎல்ஆர்-4 அணுச்சுவரில் நிற்கும் காவலாளி. எல்பிஎஸ்ஸைத் தொட்டால் உள்ளே செய்தி போக வேண்டும். 712-ஆம் இடத்துப் பிழையால் காவலாளி நிற்கிறார், செய்தி போவதில்லை. சி57-பிளாக்-10-எஸ்சிசிஆர் என்ற வேறொரு வம்சத்தில் அந்த மரபணுவே காணோம். அதுவும் எல்பிஎஸ்ஸுக்கு அசையாது. பாய்ட்லருக்கு 2011-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஜூல்ஸ் ஹாஃப்மன், ரால்ஃப் ஸ்டைன்மன் இருவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். நஞ்சு ஊசியைத் தாங்கும் அதே சி3எச்-எச்இஜேக்கு உயிருள்ள சால்மோனெல்லாவைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். இறந்துவிடும். அதற்கு என்ரேம்ப்-1 பம்ப் நன்றாகவே இருக்கிறது. இருந்தும் சங்கு ஊதாததால் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் சரியான நேரத்துக்கு வந்து சேர்வதில்லை, மேக்ரோபேஜ்கள் விழித்துக்கொள்வதில்லை. நாலாம் நாள் தெரியும்போது கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். "அழற்சி கெட்டது, அதை அடக்கும் மருந்து நல்லது" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இந்தச் சுண்டெலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏ-ஜே வம்சத்தின் கதை இன்னொரு விதம். சால்மோனெல்லாவுக்குத் தாங்கும், பம்ப் இருக்கிறது. ஆனால் ஏசி குளிர்கோபுரத் தண்ணீரில் வளரும் லெஜியோனெல்லாவை அதன் மேக்ரோபேஜுக்குள் விட்டால் தாராளமாகப் பெருகும். காரணம் 13-ஆம் குரோமோசோமில் உள்ள நைப்-5 என்ற மரபணு. கிருமியின் வாலில் உள்ள ஃபிளாஜெல்லின் புரதம் அணுவுக்குள் கசிந்தால் அதைப் பிடிப்பது இதன் வேலை. ஏ-ஜேயில் அது மந்தம். பி-6-இல் சுறுசுறுப்பு. எல்லாக் கிருமிக்கும் தாங்கும் வம்சம் என்று ஒன்று கிடையாது.

எதிர்த் திசையில் வந்தவர்களும் உண்டு. மரபணுவைத் தேடாமல், குணத்தைப் பார்த்து இனம் பிரித்தவர்கள். 1930-களில் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் லெஸ்லி வெப்ஸ்டர், சால்மோனெல்லா தொற்றுக்குத் தாங்கும் குடும்பங்களையும் தாங்காத குடும்பங்களையும் தனித்தனியே பெருக்கி, தலைமுறை போகப் போக இரண்டும் விலகுவதைக் காட்டினார். பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரின் புட்டான்டான் நிறுவனத்தில் எட்டு உள்கலப்பு வம்சங்களைக் கலந்து ஒரு மந்தை உண்டாக்கி, தோலுக்கடியில் பாலிஅக்ரிலமைடு மணிகளைச் செலுத்தினார்கள். கிருமியும் இல்லை, நஞ்சும் இல்லை, வெறும் பிளாஸ்டிக் போன்ற மணிகள். 24 மணி நேரம் கழித்து அந்த இடத்தில் சேர்ந்த திரவத்தில் எத்தனை அணு, எவ்வளவு புரதம் என்று எண்ணினார்கள். அதிகம் சேர்ந்தவற்றை அதிகம் சேர்ந்தவற்றோடும், குறைவாகச் சேர்ந்தவற்றைக் குறைவாகச் சேர்ந்தவற்றோடும் தலைமுறை தலைமுறையாக இணைத்ததில் ஏர்மேக்ஸ், ஏர்மின் என்று இரண்டு வழிகள் பிரிந்தன. சால்மோனெல்லா கொடுத்தபோது அழற்சி கூடிய ஏர்மேக்ஸ் நன்றாகத் தாங்கியது. மணிக்கு வீங்குவதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில், என்ரேம்ப்-1-இன் நல்ல பிரதி ஏர்மேக்ஸ் பக்கம் அதிகமாகவும் பழுதான பிரதி ஏர்மின் பக்கம் அதிகமாகவும் தானாக ஒதுங்கியிருந்தது. யாரும் அதைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. கிருமியைப் பட்டினி போடும் பம்புக்கும் வீக்கத்துக்கும் உள்ளூர ஒரு தொடர்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சுவையான சாட்சி கிடையாது.

எத்தனை மரபணு என்று எண்ணிச் சொல்வது

தாங்கும் ஏ-ஜேயையும் தாங்காத பி-6-ஐயும் இணைத்து, பிறந்த குட்டிகளுக்குச் சால்மோனெல்லா கொடுத்தால் எல்லாமே தாங்கும். பம்புக்கு ஒரு நல்ல பிரதி போதும், ஆகவே தாங்கும் குணம் ஓங்கியது. இந்தக் குட்டிகளை மறுபடி பி-6-ஓடு இணைத்து 100 பேரக்குட்டிகளைச் சோதித்தால் ஏறத்தாழ 50 தாங்கும், 50 தாங்காது. அப்படி வந்தால் ஒரே மரபணு. இரண்டு மரபணுக்களின் நல்ல பிரதியும் சேர்ந்தால்தான் தாங்கும் என்றால் 25-தான் தேறும். அந்த முதல் குட்டிகளிலேயே அண்ணன்-தங்கையை இணைத்தால் ஒரு மரபணுவுக்கு 75-க்கு 25, இரண்டு சேர வேண்டுமானால் 56-க்கு 44.

எண்ணிக்கை நடுவில் எங்காவது, 38 மாதிரி, வந்து நின்றால் உடனே மூன்றாவது மரபணுவைத் தேடப் புறப்படாதீர்கள். பெரும்பாலும் டோஸ் தவறியிருக்கும். டோஸ் கூடினால் தாங்கும் சுண்டெலியும் சாகும், குறைந்தால் தாங்காததும் பிழைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

டோஸ், தட்டு, எண்ணிக்கை

இரவு முழுக்க வளர்த்த கிருமிக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை உயிருள்ள கிருமி? கலங்கலைக் கருவியில் அளந்தால் செத்த கிருமியும் சேர்ந்து தெரியும். ஆகவே தட்டில் எண்ணியே ஆக வேண்டும். உப்புக் கரைசலில் கழுவி, பத்துப் பத்து மடங்காகக் கரைத்து, ஒரு லட்சம் மடங்கு கரைத்ததிலிருந்து 100 மைக்ரோலிட்டரை அகர் தட்டில் பரப்பி, 37 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் குண்டூசித் தலை அளவு புள்ளிகள். எக்ஸ்எல்டி தட்டாக இருந்தால் சிவப்புப் பின்னணியில் நடுவே கறுப்பு வைத்த புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சால்மோனெல்லாவின் சந்ததி. 64 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 64-ஐப் பத்தால் பெருக்கினால் (100 மைக்ரோலிட்டரிலிருந்து மில்லிலிட்டருக்கு) 640. அதை ஒரு லட்சத்தால் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 6.4 கோடி.

சுண்டெலி ஒன்றுக்கு 1,000 கிருமி, 0.2 மில்லிலிட்டரில் கொடுக்க வேண்டும் என்றால் மில்லிலிட்டருக்கு 5,000 வேண்டும். 6.4 கோடியை 5,000-ஆல் வகுத்தால் 12,800 மடங்கு கரைக்க வேண்டும். 30 முதல் 300 புள்ளிகள் உள்ள தட்டை மட்டும் நம்புங்கள். அதற்குக் கீழே தற்செயல் ஆடும், மேலே புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

ஊசி போட்ட பிறகு சிரிஞ்சில் மிஞ்சியதை மறுபடி ஒரு தட்டில் பரப்ப மறக்கக் கூடாது. நாம் கொடுத்ததாக நினைத்த டோஸும் உண்மையில் போன டோஸும் வேறாக இருந்தால் மறுநாளே தெரியும். தவறுவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை: கரைத்ததை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டோம், கிருமியின் எண்ணிக்கை மாறிவிட்டது. குழாயைக் குலுக்காமல் எடுத்தோம், கிருமி அடியில் தங்கிவிட்டது. அகரில் பல மாதம் திரும்பத் திரும்ப வளர்த்த கிருமி வீரியம் இழந்துவிட்டது. கடைசியாகச் சொன்னது மோசம், தட்டில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், சுண்டெலி மட்டும் சாகாது. உறைநிலையில் வைத்த மூலப் பங்கிலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுப்பதே தீர்வு.

தொற்றுக்குப் பிறகு நாள்தோறும் எடை பாருங்கள். ஆரம்ப எடையில் 20 சதவீதம் குறைந்தால், சாகும்வரை காத்திராமல் வலியின்றி முடித்துவிடுவது நெறி. குறிப்பிட்ட நாளில் மண்ணீரலை எடுத்து ஒரு மில்லிலிட்டர் கரைசலில் அரைத்து அதேபோல் தட்டில் எண்ண வேண்டும். உதாரணத்துக்கு, ஆயிரம் மடங்கு கரைத்ததில் 45 புள்ளி வந்தால் ஒரு மண்ணீரலுக்கு 4.5 லட்சம். பத்து மடங்கு கரைத்ததில் 38 வந்தால் 3,800. இவற்றை நேரடியாகச் சராசரி போட்டால் ஒரே ஒரு பெரிய எண் மற்றதை எல்லாம் விழுங்கிவிடும். பத்தடிமான மடக்கைக்கு மாற்றிவிட்டுச் சராசரி எடுங்கள். அழற்சிக்கு, அதே சுண்டெலியின் ரத்தத்தில் எலைசா என்ற புரதம் அளக்கும் முறையில் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 அளவு. எல்பிஎஸ் கொடுத்தால் டிஎன்எஃப் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். ஆறு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துவிட்டு "டிஎன்எஃப் வரவில்லை" என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எங்கெல்லாம் ஏமாறலாம்

வம்சத்தின் பெயரில் கடைசி எழுத்து சும்மா ஒட்டியதல்ல. சி3எச் என்று மட்டும் எழுதினால் சங்கு ஊதும் எச்இஎன்-ஆ, ஊதாத எச்இஜே-யா என்று தெரியாது. இரண்டையும் கலந்து வாங்கிய ஆய்வின் முடிவைக் குப்பையில்தான் போட வேண்டும்.

விற்கப்படும் எல்பிஎஸ் பலதும் சுத்தமில்லை. பாக்டீரியாவின் லிப்போபுரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது டிஎல்ஆர்-2 என்ற வேறு காவலாளியைத் தட்டும். சி3எச்-எச்இஜே துள்ளுவதைப் பார்த்து "டிஎல்ஆர்-4 தேவையே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஃபீனால் கொண்டு மறுபடி சுத்தம் செய்தால் அந்தத் துள்ளல் அடங்கிவிடும்.

மிகப் பெரிய ஏமாற்றம் 129 வம்சத்தால் நேர்ந்தது. பல ஆண்டுகள், மரபணு நீக்கிய சுண்டெலிகளை 129-இன் கருமூல அணுக்களில் செய்து, பிறகு பி-6-ஓடு கலந்துகொண்டிருந்தார்கள். கேஸ்பேஸ்-1 என்ற அழற்சி நொதியை நீக்கிய சுண்டெலி எல்பிஎஸ் ஊசியில் சாகாததால் கேஸ்பேஸ்-1-தான் கொலையாளி என்று பாடநூலிலேயே ஏறியது. 2011-இல் தெரிந்தது: 129-இல் பிறவியிலேயே கேஸ்பேஸ்-11 பழுது. இரண்டு மரபணுவும் அக்கம்பக்கம் இருப்பதால் எத்தனை முறை பி-6-ஓடு கலந்தாலும் பிரியாமல் கூடவே வந்துவிட்டது. சுண்டெலியைக் காப்பாற்றியது கேஸ்பேஸ்-11 இல்லாததுதான். வாடகைக்கு எடுத்த வீட்டில் பழைய குடித்தனக்காரரின் சாமான் கிடந்த கதை.

கூண்டும் பொய் சொல்லும். சுண்டெலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும், ஆகவே ஒரு கூண்டில் உள்ளவற்றின் குடல் பாக்டீரியா ஒன்றுபோல் ஆகிவிடும். ஏ கூண்டில் ஒரு வம்சம், பி கூண்டில் ஒரு வம்சம் என்று வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது மரபணுவையா, குடலையா? ஒரே ஈற்றில் பிறந்த, மரபணு உள்ளதும் இல்லாததும் கலந்த குட்டிகளைச் சேர்த்து வளர்ப்பதே சரி. வேளையும் முக்கியம்: எல்பிஎஸ்ஸால் சாகும் விகிதம் நாளின் எந்த நேரத்தில் ஊசி போட்டோம் என்பதைப் பொறுத்து மாறும் என்று 1960-லேயே காட்டிவிட்டார்கள். எல்லாக் குழுவுக்கும் ஒரே மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

சென்னைக்கென்று தனியாக ஒன்று. விலங்கறையை 22 டிகிரியில் வைப்பது வழக்கம். அது வேலை செய்பவருக்கு இதம், சுண்டெலிக்குக் குளிர். அதற்கு இதமானது 30 டிகிரியை ஒட்டிய வெப்பம். மே மாதம் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்காவிட்டால் அறை சூடேறும், சுண்டெலியின் காய்ச்சல், அழற்சி எல்லாம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அறை வெப்பப் பதிவேட்டை முடிவுகளோடு சேர்த்துப் பார்க்காமல் "இந்தத் தடவை ஏனோ வரவில்லை" என்று தலையைச் சொறிவதில் அர்த்தமில்லை.

இவை எதையும் தனியாக வீட்டிலோ கல்லூரி மூலையிலோ செய்ய முடியாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி பதிவு பெற்ற விலங்கறையும், நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு ஒப்புதலும் வேண்டும். வடசென்னையில் இந்தத் துறையை நேரில் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு, மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வக விலங்கு மருத்துவத் துறை இருக்கிறது. கல்லூரி வழியாக அனுமதி கேட்டுப் போகலாம்.

சுண்டெலியிலிருந்து மனிதருக்கு

இங்கே நிதானம் வேண்டும். மனிதருக்கும் என்ரேம்ப்-1 உண்டு. 1998-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில், அதன் சில வடிவங்கள் உள்ளவர்களுக்குக் காசநோய் கூடுதலாக வருவது தெரிந்தது. ஆனால் அது ஓரளவு கூடுதல்தானே ஒழிய, பி-6 சுண்டெலியில் போலப் பழுதான பிரதி இருந்தால் சாவு, இல்லாவிட்டால் பிழைப்பு என்ற கறாரான பிரிவு இல்லை.

எல்பிஎஸ்ஸில் இடைவெளி இன்னும் பெரிது. தன்னார்வலர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் கொடுத்தாலே குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். சாதாரணச் சுண்டெலியைக் கொல்ல கிலோவுக்குப் பல மில்லிகிராம் வேண்டும். பத்து லட்சம் மடங்குக்கு மேல். சுண்டெலியில், தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸை நிறுத்திய மருந்து பலதும் மனிதரில் கைவிட்டதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம்.

எலிக்காய்ச்சலிலும் இதே காவலாளிதான் குறுக்கே நிற்கிறார். வளர்ந்த சாதாரணச் சுண்டெலி லெப்டோஸ்பைராவை ரத்தத்திலிருந்து விரட்டிவிடும், மிச்சம் சிறுநீரகத்தில் தங்கும். டிஎல்ஆர்-4 பழுதான சி3எச்-எச்இஜே குட்டிகளோ அதே கிருமியில் காமாலை வந்து சாகும். லெப்டோஸ்பைராவின் எல்பிஎஸ் வழக்கமான அமைப்பில் இல்லை. சுண்டெலியின் டிஎல்ஆர்-4 அதை அடையாளம் கண்டுகொள்கிறது. மனிதரின் டிஎல்ஆர்-4 கண்டுகொள்வதில்லை. புளியந்தோப்புத் தண்ணீரில் காலில் வெடிப்போடு நடந்தவரின் உடம்பு, இந்த ஒரு கிருமியைப் பொறுத்தவரை, அந்தச் சங்கு ஊதாத சுண்டெலியின் உடம்புக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.